ஒரே டிரைவர் ஐந்து பிரிண்டருக்கும் ஆகுமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டரில் எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒன்பது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பிரிண்டர் என்று பார்த்தால், பழைய எச்பி லேசர்ஜெட் 1020 ஒன்று, நெட்வொர்க் கேபிள் மாட்டக்கூடிய புதிய எச்பி லேசர்ஜெட் ஒன்று, ஒரு கேனான் ஜெராக்ஸ் மிஷின், சரக்கு பில் போட டிவிஎஸ் எம்எஸ்பி 250 டாட் மேட்ரிக்ஸ். முதலாளிக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம் உண்டு. அங்கே வைஃபையில் ஓடும் எப்சன் இங்க் டாங்க் பிரிண்டர். போன மாதம் புது கம்ப்யூட்டர் மாட்ட வந்தவர், "எல்லாத்துக்கும் யுனிவர்சல் டிரைவர் போட்டுட்டேன், இனி கவலையே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து 1020 பிரிண்ட் கொடுத்தால் அசைவதே இல்லை. டாட் மேட்ரிக்ஸ் பக்கம் பக்கமாகக் குப்பை எழுத்து அடிக்கிறது. ஜெராக்ஸ் மிஷினில் ஒன்றும் வருவதில்லை. புது லேசர்ஜெட்டில் இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி காணாமல் போய்விட்டது. சம்பளப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் சில நேரம் கண்டபடி வருகின்றன. புது கம்ப்யூட்டரிலிருந்து 1020-ஐ இணைக்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுத்தாலும் 11பி என்று முடியும் ஒரு பிழை எண் வருகிறது. ஏற்காட்டில் கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் 'ஆஃப்லைன்'. எந்த யுனிவர்சல் டிரைவர் நல்லது, சொல்லுங்கள்.

– ஒரு கணக்காளர், சேலம்

பதில்: எந்த யுனிவர்சல் டிரைவர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். டிரைவர் என்பது கம்ப்யூட்டர் பிரிண்டரிடம் பேச உதவும் மென்பொருள். உங்களிடம் இருக்கும் ஐந்து பிரிண்டர்களில் எச்பியின் யுனிவர்சல் டிரைவர் பொருந்தக்கூடியது ஒன்றே ஒன்று, அந்தப் புது லேசர்ஜெட். அதற்குக்கூட அது கட்டாயமில்லை. மற்ற நான்கிலிருந்தும் அதை முதலில் எடுத்துவிடுங்கள். பாதிப் பிரச்சனை அங்கேயே தீர்ந்துவிடும்.

'யுனிவர்சல்' என்ற பெயர், துணிக்கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்று ஒட்டியிருக்கும் சட்டை மாதிரி. எல்லாருக்கும் என்று எழுதியிருக்கும், போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எச்பியின் யுனிவர்சல் டிரைவர் எச்பி பிரிண்டர்களுக்குள்ளேயே ஒரு பகுதிக்குத்தான். கேனானுக்கு 'ஜெனரிக் பிளஸ்', ஜெராக்ஸ் நிறுவனத்துக்கு 'குளோபல் பிரிண்ட் டிரைவர்', கியோசெராவுக்கு 'கேஎக்ஸ்' என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அந்த நிறுவனத்தின் பல மாடல்களுக்குப் பொதுவானது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: டிரைவர் அனுப்பும் மொழி அந்தப் பிரிண்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மொழி விஷயம்தான் உங்கள் அலுவலகத்தின் முழுக் கதையும். நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் டிரைவர் அந்தப் பக்கத்தை ஒரு கட்டளை மொழியில் எழுதி அனுப்புகிறது. எச்பி 1984-இல் கொண்டுவந்த பிசிஎல் ஒன்று. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் இன்னொன்று. அலுவலக லேசர் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டில் ஒன்றாவது தெரியும். யுனிவர்சல் டிரைவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு மொழிகளை நம்பித்தான் எழுதப்பட்டவை.

1020-க்கு இரண்டுமே தெரியாது. அது ஹோஸ்ட்-பேஸ்டு வகை. பக்கத்தைப் புள்ளிப் புள்ளியாகத் தீட்டும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்து, எச்பிக்கே உரிய ஒரு வடிவத்தில் சுருக்கி அனுப்பும். பிரிண்டர் அதைக் காகிதத்தில் இறக்குவதோடு சரி. உள்ளே மூளை குறைவு, அதனால் விலையும் குறைவாக இருந்தது. நம் ஊரில் ஆடிட்டர் ஆபீஸ், பத்திர எழுத்தர் கடை என்று எங்கே போனாலும் அது நிற்பதற்கு அதுவே காரணம். இன்னொன்று, ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் அதற்கு வேண்டிய ஃபர்ம்வேரையே (பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருளையே) கம்ப்யூட்டரிலிருந்துதான் வாங்கிக்கொள்ளும். சொந்த டிரைவர் இல்லாமல் அதனிடம் பிசிஎல்லில் பேசினால் அசையாமல் உட்கார்ந்திருப்பதில் வியப்பில்லை. எம்1005, பி1007, பி1008 எல்லாம் இதே ரகம். கேனான் எல்பிபி2900 கூட அப்படித்தான். கேனானின் சிஏபிடி என்ற சொந்த முறையில் ஓடுவது. இவற்றுக்கெல்லாம் அந்தந்த மாடலின் டிரைவர்தான், வேறு வழியில்லை.

டாட் மேட்ரிக்ஸ் நேர் எதிர். எது வந்தாலும் எழுத்து என்று நினைத்து அடித்துவிடும். நீங்கள் சொல்லும் குப்பைப் பக்கங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: முதல் வரியில் 'அட்' குறியை அடுத்து பிஜேஎல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது லேசர் பிரிண்டருக்கான முன்னுரை. எந்த பிரிண்டரிலும் இந்த வரி காகிதத்தில் அடித்து வந்தால் தப்பான டிரைவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எம்எஸ்பி 250-க்கு அதன் சொந்த டிரைவரைப் போடுங்கள். பில்லில் ஆங்கிலமும் எண்களும் மட்டும்தான் என்றால் விண்டோஸிலேயே இருக்கும் 'ஜெனரிக், டெக்ஸ்ட் ஒன்லி' போதும், வேகமும் கிடைக்கும். ஆனால் அதில் தமிழ் வராது. டாலியில் பில் போடுவதாக இருந்தால் பிரிண்ட் செய்யும் இடத்தில் 'நீட்' முறையை மாற்றி டாட் மேட்ரிக்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். கார்பன் காப்பி மூன்று தாள் அடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஜெராக்ஸ் மிஷினுக்கு மாடல் எண் எழுதவில்லை. கேனான் இமேஜ்ரன்னர் வரிசையில் சிலவற்றுக்கு யுஎஃப்ஆர் என்ற கேனானின் சொந்த மொழி மட்டுமே தெரியும்; பிசிஎல் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்துச் சேர்க்கும் மாடல்களும் உண்டு. ஆகவே கேனானின் யுனிவர்சல் டிரைவரைப் போட்டாலும் யுஎஃப்ஆர் பதிப்பையா, பிசிஎல் பதிப்பையா என்று பார்த்துத்தான் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் யுஎஃப்ஆர். எப்சன் இங்க் டாங்குக்கும் இதே கதைதான். அது எப்சனின் சொந்த மொழியில் ஓடுவது, அதன் சொந்த டிரைவரே சரி.

எந்த பிரிண்டருக்கு எந்த மொழி தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெட்வொர்க் பிரிண்டர் என்றால் அதன் மெனுவிலிருந்தே கான்ஃபிகரேஷன் பக்கம் எடுக்கலாம். அதிலோ, நிறுவனத்தின் விவரத் தாளில் பிரிண்டர் லாங்குவேஜ் என்ற வரியிலோ எழுதியிருக்கும். ஹோஸ்ட்-பேஸ்டு என்றோ ஜிடிஐ என்றோ இருந்தால் யுனிவர்சல் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

சரி, புது லேசர்ஜெட்டுக்கு வருவோம். அதற்கு எச்பி யுனிவர்சல் டிரைவரின் பிசிஎல் 6 பதிப்பை வைத்துக்கொள்ளலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் பதிப்பு, கோரல்டிரா, ஃபோட்டோஷாப் போன்றவற்றிலிருந்து டிசைன் வேலை எடுப்பவர்களுக்குத்தான். கணக்குத் தாளுக்கும் ஈ-வே பில்லுக்கும் பிசிஎல் 6 இலகுவானது. இன்ஸ்டால் ஆகும்போது டிரடிஷனல், டைனமிக் போன்ற முறைகளில் எது வேண்டும் என்று கேட்கும். டைனமிக் என்பது பல ஊர்க் கிளைகளுக்கு லேப்டாப்போடு அலைபவர்களுக்கு, போகும் இடத்திலுள்ள பிரிண்டரைத் தேடிப் பிடிப்பதற்காக. உங்களுக்கு டிரடிஷனல்தான்.

இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி காணாமல் போனதற்குக் காரணம் இதுதான்: யுனிவர்சல் டிரைவருக்குத் தான் எந்த மாடலோடு பேசுகிறோம் என்பது பிறக்கும்போதே தெரியாது. இன்ஸ்டால் ஆகும் நேரத்தில் நெட்வொர்க் வழியாகப் பிரிண்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அப்போது பிரிண்டர் ஆஃப் ஆகி இருந்தாலோ, பதில் வரவில்லை என்றாலோ, டூப்ளெக்ஸும் இல்லை, இரண்டாவது டிரேயும் இல்லை என்று வைத்துக்கொண்டுவிடும். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'டிவைஸ் செட்டிங்ஸ்' பக்கத்துக்குப் போய், 'ஆட்டோமேட்டிக் கான்ஃபிகரேஷன்' என்ற இடத்தில் 'அப்டேட் நவ்' கொடுங்கள். அப்போதும் வராவிட்டால் டூப்ளெக்ஸ் யூனிட் 'இன்ஸ்டால்டு' என்று கையால் மாற்றிவிடலாம். அதே இடத்தில் பேப்பர் அளவையும் பாருங்கள். பல நேரம் லெட்டர் என்று இருக்கும். ஏ4 தாள் வைத்த பிரிண்டர் லெட்டர் தாள் கேட்டு நின்றுகொண்டிருக்க, ஆபீஸ் முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வாய்ப்பு: 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் டிரைவரின் பெயர் 'மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவர்' என்று இருந்தால், விண்டோஸ் தானாகவே தன் டிரைவரைப் போட்டுக்கொண்டது. பிரிண்ட் வரும், சில்லறை வசதிகள் சில வராமல் போகலாம்.

இதெல்லாம் செய்யும் முன் பழையதைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பிரிண்டரை லிஸ்டிலிருந்து நீக்கினால் டிரைவர் போய்விடாது, உள்ளேயே உட்கார்ந்திருக்கும்; மறுபடி இணைக்கும்போது அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, டிரைவர்ஸ் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேர்ந்து, டிரைவரோடு டிரைவர் பேக்கேஜையும் சேர்த்து நீக்குங்கள். பயன்பாட்டில் இருக்கிறது, நீக்க முடியாது என்று அடம்பிடித்தால், சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை (பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பகுதியை) நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்தக் கடைசி ஃபோல்டரில் தேங்கியிருக்கும் ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டு உடனே முயன்று பாருங்கள். ஃபோல்டரையே அழித்துவிடாதீர்கள்.

அட்மின் பாஸ்வேர்டு கேட்பது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது. 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியே வந்தது. பிரிண்டர் டிரைவர் போடுவதாகச் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டரையே கைப்பற்றிவிடலாம் என்ற நிலை. அந்த ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து, ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை இறக்க அட்மின் அனுமதி கட்டாயமானது. 11பி பிழையும் அதே வருடம் வந்த இன்னொரு பாதுகாப்பு மாற்றத்தின் விளைவு. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் இரண்டுமே ஓடிவிடும் என்று யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஓடும்தான். ஆனால் வங்கி வேலையும் ஜிஎஸ்டியும் நடக்கும் கம்ப்யூட்டரில் அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். முதலில் 1020 செருகியிருக்கும் கம்ப்யூட்டர், புது கம்ப்யூட்டர் இரண்டிலும் விண்டோஸ் அப்டேட்டை முழுசாக முடியுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்று இருக்கும்போதுதான் 11பி அதிகம் வரும். புது கம்ப்யூட்டரில் அட்மினாக நுழைந்து 1020-இன் டிரைவரை முன்கூட்டியே போடுங்கள். பிறகு பிரிண்டர் சேர்க்கும்போது ஷேர் வழியாகப் போகாமல், 'லோக்கல் போர்ட்' என்று புதிதாக ஒரு போர்ட் உருவாக்கி, அதன் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, 1020 இருக்கும் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, ஷேர் பெயர் என்று கொடுங்கள். போட்டு வைத்த டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். இந்த வழியில் டிரைவரை அங்கிருந்து இறக்கும் சடங்கே கிடையாது. ரெஜிஸ்ட்ரியையும் தொட வேண்டாம்.

புது லேசர்ஜெட்டையும் ஜெராக்ஸ் மிஷினையும் ஷேர் செய்யவே வேண்டாம். இரண்டுக்கும் நெட்வொர்க் இணைப்பு இருந்தால் ஒன்பது கம்ப்யூட்டரிலும் 'ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்' மூலம் நேராக இணைத்துவிடுங்கள். ஒன்பதிலும் ஏறி இறங்க ஒரு மதியம் போகும். ஆனால் யாரோ ஒருவர் தன் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிட்டுச் சாப்பிடப் போனதால் மற்ற எட்டுப் பேருக்கும் பிரிண்ட் நின்றுபோகும் தொல்லை இருக்காது.

தமிழ் எழுத்து விஷயத்தில் டிரைவரைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. அதே சம்பளப் பட்டியலை 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்துப் பாருங்கள். பிடிஎஃபிலேயே கெட்டிருந்தால் டிரைவர் நிரபராதி, எழுத்துருதான் காரணம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல் என்றால், உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கிலக் குறிகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முருகேசன் பெயர் அர்த்தமில்லாத ஆங்கிலக் கோர்வையாக வரும். புது கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருவைப் போட மறந்திருப்பார்கள். யூனிகோடில் அடித்திருந்தும் வரிகள் இடம் மாறிப் பக்கம் கூடுகிறது என்றால், லதா எழுத்துரு இல்லாததால் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கலாம். பழைய விண்டோஸில் எப்போதும் இருந்த லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழ் கூடுதல் எழுத்துருக்கள் என்ற தொகுப்பில் கிடைக்கும்.

திரையிலும் பிடிஎஃபிலும் சரியாக இருந்து, காகிதத்தில் மட்டும் கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று வந்தால் அது டிரைவரின் வேலை. பிரிண்டிங் பிரிஃபரன்சஸில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில், எழுத்துகள் முழுவதையும் படமாக அனுப்பச் சொல்லும் ஒரு வசதி எச்பி பிசிஎல் டிரைவரில் இருக்கும்; அதை ஆன் செய்யுங்கள். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு எழுத்துருவை மாற்றாது. பிடிஎஃப் ஃபைல் மட்டும் தகராறு செய்தால் அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' கொடுத்தால் போதும்.

ஏற்காட்டுப் பிரச்சனைக்கும் டிரைவருக்கும் சம்பந்தமே இல்லை. இடி மழைக் காலத்தில் மலையில் கரண்ட் எத்தனை முறை போகும் வரும் என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் வந்ததும் ரவுட்டரும் பிரிண்டரும் ஒன்றாக எழுந்திருக்கின்றன. ரவுட்டர் தயாராகும் முன் பிரிண்டர் தனக்கான நெட்வொர்க் முகவரியை (ஐபி) கேட்டால் கொடுக்க ஆளில்லை, தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். அல்லது ரவுட்டர் இந்த முறை வேறு முகவரி கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே தேடிவிட்டு 'ஆஃப்லைன்' என்று சொல்லும். ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கி, அதையே பிரிண்டரிலும் கையால் பதிந்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் போர்ட்டின் பெயர் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கினால் அதை நீக்கிவிட்டு டிசிபி/ஐபி போர்ட்டாக மாற்றுங்கள். அப்புறமும் பிரிண்டர் நன்றாக இருக்கும்போதே 'ஆஃப்லைன்' காட்டினால், போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். நிலவரம் கேட்டு அனுப்பும் கேள்விக்குப் பதில் வராவிட்டால் விண்டோஸ் பிரிண்டரையே இல்லை என்று முடிவுகட்டிவிடும்.

ரவுட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுவதும் நல்லதுதான். இங்க் டாங்கையும் மாட்டலாம். ஆனால் சேலம் ஆபீஸில் லேசர் பிரிண்டரையோ ஜெராக்ஸ் மிஷினையோ யூபிஎஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள். டோனரைச் சுட்டு ஒட்டும் பகுதி சூடேறும்போது இழுக்கும் கரண்டை ஆபீஸ் யூபிஎஸ் தாங்காது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக இழுத்தால், அது ஈரம். பேப்பர் ரீமைப் பிரித்தபடி வெளியே வைக்காமல் மூடி வைக்கச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து அந்த பிரிண்டருக்கு நேராகப் பிரிண்ட் கொடுக்க, இரண்டு ஊர் நெட்வொர்க்கையும் இணையம் வழியாக இணைக்கும் விபிஎன் போடலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம். பிடிஎஃப் அனுப்பி அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி வாங்கப்போகும் பிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனங்கள் கொடுக்கும் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. இனி ஐபிபி என்ற பொது முறையும், தனி டிரைவர் இல்லாமலே பிரிண்ட் ஆகும் என்பதற்கான மோப்ரியா சான்றும்தான் முன்னுக்கு வரும். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் போடும் டிரைவர் இதனால் உடனே நின்றுவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 'புரொடெக்டட் பிரிண்ட் மோட்' என்ற வசதி வந்திருக்கிறது. அதை யாராவது ஆன் செய்தால் மோப்ரியா சான்றில்லாத பிரிண்டர்கள் வேலை செய்யாது. உங்கள் 1020-உம் டாட் மேட்ரிக்ஸும் அதில் அடங்கும். அதை ஆஃப் ஆகவே வைத்திருங்கள். புதிதாக வாங்கும்போது கடையில் மூன்றைக் கேளுங்கள்: நெட்வொர்க் கேபிள் போர்ட் உண்டா, பிசிஎல் 6 உண்டா, மோப்ரியா உண்டா. மூன்றும் உள்ள மாடல் 1020 ரக பிரிண்டரைவிட விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஒன்பது பேர் பயன்படுத்தும் இடத்தில் அது செலவே இல்லை.

யுனிவர்சல் டிரைவர் உண்மையிலேயே கைகொடுப்பது எங்கே என்றால், ஒரே நிறுவனத்தின் பத்துப் பதினைந்து நெட்வொர்க் பிரிண்டர்கள் வெவ்வேறு மாடலில் நிற்கும் கல்லூரி, மருத்துவமனை மாதிரி இடங்களில். அங்கே பத்து டிரைவருக்குப் பதில் ஒன்றைப் பராமரித்தால் போதும் என்பது பெரிய நிம்மதி. உங்களைப் போல ஐந்து பிரிண்டர் ஐந்து ஜாதி என்றால், ஒவ்வொன்றின் டிரைவரையும் அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்து இறக்கி, ஒரு பென் டிரைவில் பிரிண்டர் பெயரிலேயே ஃபோல்டர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கம்ப்யூட்டர் மாட்ட வருபவரிடம் அந்தப் பென் டிரைவைக் கொடுத்து, இதிலிருந்து மட்டும் போடுங்கள் என்று சொல்லிவிடலாம்.

ஜெராக்ஸ் மிஷின் இதற்குப் பிறகும் மசியவில்லை என்றால் அதன் மாடல் எண்ணையும் கான்ஃபிகரேஷன் பக்கத்தின் படத்தையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.